ஃபார்மட் பாதில நிக்குதா? பழைய கம்ப்யூட்டர்ல பேட் செக்டார் பாக்குறது எப்படி

சித்தப்பா கடையில ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு, 2008-ல வாங்கினது, கோர் 2 டூயோ, 2 ஜிபி ரேம், 160 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. கணக்கு சாஃப்ட்வேரும் பில் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதுல தான் ஒழுங்கா ஓடுதுங்கிறதால மாத்தவே மாட்டேங்கிறார். போன வருஷம் அது அடிக்கடி ஹேங் ஆக ஆரம்பிச்சுது, பக்கத்துல ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனாரு, ஃபார்மட் அடிச்சு எக்ஸ்பி போட்டுக் குடுத்தாங்க, மூணு வாரம் ஓடுச்சு, திரும்ப ஹேங், திரும்ப ஃபார்மட், திரும்ப காசு. மூணாவது தடவை அவரே சிடியைப் போட்டு ஃபுல் ஃபார்மட் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டாரு, வந்து பாத்தா 37 பர்சென்ட்ல நிக்குது, மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பாத்தாலும் 37. அப்பதான் எனக்கு ஃபோன். "டேய், நீ தானே கம்ப்யூட்டர் படிச்சவன், வந்து என்னன்னு பாரு"ன்னாரு.

அன்னைக்கும் அடுத்த ஒரு வாரமும் நான் பண்ணதை வச்சுத்தான் இதை எழுதுறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், ஃபார்மட் ஆகலைன்னதும் டிஸ்க் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, அதே மாதிரி ஃபார்மட் ஆயிடுச்சுங்கிறதுக்காக டிஸ்க் நல்லா இருக்குன்னும் நம்பாதீங்க. சித்தப்பா ரெண்டு தடவை காசு குடுத்தது இந்த ரெண்டாவது விஷயத்துல தான்.

முதல்ல காது குடுத்துக் கேளுங்க. ஆன் பண்ணதும் டிஸ்க் உள்ள டக் டக்னு ஒரே தாளத்துல அடிச்சுட்டு, சுத்துறது நின்னு, மறுபடி ஆரம்பிக்குதுன்னா அது ஹெட் (தட்டுல இருந்து டேட்டாவைப் படிக்கிற முனை) பிரச்சனையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேலைக்கு ஆகாது, உடனே ஆஃப் பண்ணிடுங்க. உள்ள முக்கியமான ஃபைல் இருந்தா டேட்டா ரெக்கவரி பண்றவங்க கிட்ட தான் போகணும். ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா ஓடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கிட்டு இருக்கிறதும் போயிடும்.

சத்தம் எல்லாம் சாதாரணமா இருந்துச்சுன்னா அடுத்தது டேட்டா. ஃபார்மட், செக் டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சரிபாக்குற கமாண்ட்), ஸ்கேன் எதையும் தொடுறதுக்கு முன்னாடி டேட்டாவை வெளிய எடுங்க. நிறைய பேரு பதட்டத்துல முதல்ல செக் டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் போட்டு ஓட விட்டுடுறாங்க, அது ஏற்கனவே தடுமாறிட்டு இருக்கிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும், ஃபைல் சிஸ்டத்தையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தும், கடைசில ஃபைல் பேரெல்லாம் போய் நம்பர் நம்பரா துண்டு ஃபைல் தான் மிஞ்சும். நல்லவேளை சித்தப்பாவோட கணக்கு டி டிரைவ்ல இருந்துச்சு, கடைக்காரங்க சி டிரைவை மட்டும் தான் ஃபார்மட் பண்ணிருந்தாங்க.

நான் டிஸ்க்கைக் கழட்டி என் கம்ப்யூட்டர்ல நேரா சாட்டா கேபிள்ல மாட்டி லினக்ஸ்ல எடுத்தேன். யூஎஸ்பி அடாப்டர்லயும் எடுக்கலாம், ஆனா பேட் செக்டார் (டிஸ்க்ல படிக்க முடியாம கெட்டுப்போன சின்னத் துண்டு) வர்ற இடத்துல சில அடாப்டர் அப்படியே தொங்கிடும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது சாதாரண காப்பி மாதிரி கிடையாது, சுலபமா படிக்க முடியுற இடத்தை எல்லாம் முதல்ல எடுத்துட்டு, அடம் பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போயிடும், கடைசியா திரும்பி வந்து அதோட மல்லுக்கட்டும். எது வரைக்கும் எடுத்துச்சுன்னு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். முதல் ரவுண்டுக்கு மைனஸ் என் (அடம் பிடிக்கிற இடத்தை விட்டுட்டுப் போ), அப்புறம் மைனஸ் ஆர் 3 (மிச்சத்தை மூணு தடவை முயற்சி பண்ணு). கமாண்ட்ல முதல்ல வர்றது பழைய டிஸ்க், ரெண்டாவது தான் காப்பி போற இடம், இதை மாத்திப் போட்டீங்கன்னா காப்பி பண்ண டேட்டாவே இருக்காது, அதனால என்டர் தட்டுறதுக்கு முன்னாடி வாய்விட்டு ஒரு தடவை படிச்சுப் பாருங்க (நான் இன்னைக்கும் அப்படித்தான்). இன்னொண்ணு, 160 ஜிபி டிஸ்க்கோட இமேஜ் ஃபைலும் (மொத்த டிஸ்க்கையும் ஒரே ஃபைலா எடுக்கிற காப்பி) 160 ஜிபி இருக்கும், காப்பி போற டிரைவ் ஃபேட் 32-ங்கிற ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை ஏத்துக்காது.

டேட்டா கைக்கு வந்தாச்சா, இப்ப கேபினெட்டைத் திறங்க. இது பழைய கம்ப்யூட்டர், பாதிப் பிரச்சனை டிஸ்க்குக்கு வெளிய இருக்கும். சாட்டா கேபிள் லூஸா இருக்கலாம், முனை மடங்கி உள்ள ஒயர் விட்டிருக்கலாம், புதுசு ஒண்ணு வாங்கினா காசு ஒண்ணும் பெருசா ஆகாது, யோசிக்காம மாத்திடுங்க. சாட்டாவுக்கு முன்னாடி வந்த, பட்டையான ஐடிஇ கேபிள் இருக்கிற மெஷின்னா 80 கம்பி கேபிள் தானான்னு பாருங்க, பழைய 40 கம்பி கேபிள்ல யூடிஎம்ஏ 33-ங்கிற வேகத்துக்கு மேல போகக் கூடாது. 80 கம்பி கேபிள்ல நீல முனை மதர்போர்டுக்கு, கருப்பு மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவுல இருக்கிற சாம்பல் கலர் ஸ்லேவுக்கு (ரெண்டாவது டிஸ்க்). ஜம்பர் (டிஸ்க் பின்னாடி பின்கள்ல மாட்டுற சின்ன பிளாஸ்டிக் மூடி) ரெண்டு டிஸ்க்லயும் மாஸ்டர்ல இருந்தா பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் ஸ்கிரீன்) சில நேரம் ஒண்ணு தெரியும், சில நேரம் ரெண்டும் தெரியாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க் பலதுல, கேபிள்ல அது ஒண்ணு மட்டும் தனியா இருந்தா மாஸ்டர்ல வைக்கக் கூடாது, சிங்கிள்னு தனி செட்டிங் இருக்கும், டிஸ்க் மேல ஒட்டிருக்கிற லேபிள்லயே படம் போட்டிருப்பாங்க.

அப்புறம் பவர் சப்ளை. பயாஸ்ல ஹார்டுவேர் மானிட்டர்னு ஒரு பக்கம் இருந்தா 12 வோல்ட் லைனைப் பாருங்க, 11.4-ல இருந்து 12.6 வரைக்கும் இருக்கலாம், அதுக்கு வெளிய போனா டிஸ்க் மேல பழி போடாதீங்க. எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் தடுமாறினா செக்டார் அரைகுறையா எழுதப்பட்டு அடுத்த தடவை படிக்கும்போது எர்ரர் வரும், டிஸ்க்குக்கு உள்ள ஒரு கீறலும் இருக்காது. நம்ம ஊர்ல யூபிஎஸ் பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆனாலும் பெட்டி மட்டும் அழகா லைட் எரிஞ்சுட்டு இருக்கும், சித்தப்பா கடையிலயும் அதே கதை தான்.

எக்ஸ்பி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். கேபிள் பிரச்சனையால எர்ரர் வந்துக்கிட்டே இருந்தா எக்ஸ்பி படிப்படியா டிஎம்ஏ (வேகமா டேட்டா அனுப்புற முறை) வேகத்தைக் குறைச்சுக் குறைச்சு கடைசில பிஐஓங்கிற ரொம்ப மெதுவான மோடுக்கு இறக்கிடும், அப்புறம் கேபிளை மாத்தினாலும் தானா மேல ஏறாது. டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ சேனலோட அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய்ப் பாருங்க, கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்ல பிஐஓன்னு இருந்தா அந்த சேனலை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடிச்சு டிஎம்ஏல வைக்கும். ஆமை மாதிரி போற மெஷின் நாலஞ்சு நிமிஷத்துல ஆளே மாறிடும், அதைப் பாத்தா நம்மளே ஏதோ மந்திரம் போட்ட மாதிரி இருக்கும்.

இப்ப ஸ்மார்ட். ஹார்ட் டிஸ்க் தன்னைப் பத்தி தானே எழுதி வச்சுக்கிற டைரி மாதிரி. விண்டோஸ்ல கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பாக்கலாம், லினக்ஸ்ல ஸ்மார்ட்மான்டூல்ஸ் இன்ஸ்டால் பண்ணா வரும். அதுல பெரிய லிஸ்ட் வரும், நாலு வரியை மட்டும் பாத்தா போதும். 5-ன்னா ரீஅலொகேட்டட், அதாவது டிஸ்க் ஏற்கனவே கெட்டுப்போனதுன்னு ஒதுக்கிட்டு ஸ்பேர் செக்டாரை மாத்தி வச்ச எண்ணிக்கை. 197 பெண்டிங், படிக்க முடியல, ஆனா இன்னும் முடிவு பண்ணல. 198 அன்கரெக்டபிள், திருத்த முடியாம போன செக்டார். 199 சிஆர்சி எர்ரர், இது தான் ரொம்பப் பேரு கவனிக்காதது, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல டேட்டா போகும்போது கெட்டுச்சுன்னு அர்த்தம், பெரும்பாலும் கேபிள். 199 மட்டும் ஏறிட்டு மத்த மூணும் பூஜ்யமா இருந்தா டிஸ்க் தப்பிச்சுதுன்னு வச்சுக்கலாம், கேபிளை மாத்துங்க. 199 ஒரு தடவை ஏறினா திரும்ப இறங்காது, அதனால மாத்தின அன்னைக்கு என்ன நம்பர்னு எழுதி வச்சுட்டு அதுக்கு மேல ஏறுதான்னு தான் பாக்கணும்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல ஒரு சின்னக் குழப்பம். அது நம்பரை எல்லாம் ஹெக்ஸ்ல (16-ஐ அடிப்படையா வச்ச எண் முறை) காட்டும், 197 அங்க சி5, 198 சி6, 199 சி7. ரா வேல்யூவும் (நேரடி எண்ணிக்கை) ஹெக்ஸ் தான். சித்தப்பா டிஸ்க்ல சி5-க்கு நேரா 18-ன்னு இருந்துச்சு, அது பதினெட்டு இல்ல, 24. செட்டிங்ஸ்ல டெசிமலுக்கு மாத்திக்கலாம். ஆக அவரோட டிஸ்க்ல 24 பெண்டிங், 5-ல பூஜ்யம், 199-ல நூத்துச் சொச்சம். கேபிளும் கெட்டது, செக்டாரும் கெட்டது, ரெண்டும் சேந்தே இருந்திருக்கு.

ஸ்மார்ட் குட்னு பச்சையா காட்டுதுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. கூகுள்ல 2007-ல ஒரு லட்சத்துக்கு மேல டிஸ்க்கை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல செத்துப்போன டிஸ்க்ல மூணுல ஒரு பங்குக்கு மேல, ஸ்மார்ட்ல எந்த எர்ரரும் காட்டாமலே செத்திருக்கு. அதே ஆய்வுல இன்னொண்ணு, ஸ்கேன்ல முதல் எர்ரர் வந்த டிஸ்க், எர்ரரே வராத டிஸ்க்கை விட 60 நாளுக்குள்ள சாகுற வாய்ப்பு 39 மடங்கு. அதாவது ஸ்மார்ட் சிவப்பு காட்டினா நம்புங்க, பச்சை காட்டினா பேக்கப் எடுங்க.

சரி, ஃபார்மட் பண்ணியும் ஏன் திரும்பத் திரும்ப வந்துச்சு? இதுக்கு பெண்டிங்னா என்னன்னு புரியணும். இந்த மாதிரி பழைய டிஸ்க்ல ஒவ்வொரு செக்டாரும் 512 பைட், கூடவே தப்பைத் திருத்துறதுக்கு ஈசிசின்னு கொஞ்சம் எக்ஸ்ட்ரா. படிக்கும்போது ஈசிசியாலயும் திருத்த முடியலைன்னா டிஸ்க் அந்த செக்டாரைப் பெண்டிங்ல போடும், உடனே ஸ்பேருக்கு மாத்தாது, ஏன்னா உள்ள இருக்கிற டேட்டா என்னன்னே அதுக்குத் தெரியாதே, எதைக் கொண்டுபோய் ஸ்பேர்ல வைக்கும்? அடுத்து யாராவது அந்த செக்டார் மேல புதுசா எழுதும்போது தான் முடிவு பண்ணும். எழுதி ஒழுங்கா நின்னா பெண்டிங் லிஸ்ட்ல இருந்து எடுத்துடும், நிக்கலைன்னா ஸ்பேர் செக்டாருக்கு மாத்திட்டு 5-ல ஒண்ணு ஏத்தும்.

இப்ப ஃபார்மட்டுக்கு வருவோம். குவிக் ஃபார்மட் டிஸ்க்கைப் பாக்கவே பாக்காது, புது ஃபைல் டேபிளை மட்டும் எழுதிட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிடும். எக்ஸ்பியோட ஃபுல் ஃபார்மட் எல்லா செக்டாரையும் படிக்கும், படிக்க மட்டும் தான் செய்யும், எழுதாது. அதனால பெண்டிங் செக்டார் பெண்டிங்காவே இருக்கும், விண்டோஸ் அந்த கிளஸ்டரைக் (செக்டார் கூட்டத்தை) கெட்டதுன்னு தன்னோட நோட்ல குறிச்சுக்கும், அவ்வளவு தான். விஸ்டால இருந்து தான் ஃபுல் ஃபார்மட்னா டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதுற மாதிரி மாத்தினாங்க. ஒரே பேரு, ஒரே டிக் பாக்ஸ், வேலை வேற. சர்வீஸ் கடையில குவிக் ஃபார்மட் தான் அடிச்சிருக்கணும், ஃபைல் எல்லாம் நிரம்பி நிரம்பி அந்த இடத்தைத் தொடுறதுக்கு மூணு வாரம் ஆயிருக்கு, தொட்டதும் ஹேங்.

அதனால செய்ய வேண்டியது என்னன்னா, டிஸ்க்கை வேற ஒரு கம்ப்யூட்டர்ல (விண்டோஸ் 7 இல்ல அதுக்கு மேல) மாட்டி பூஜ்யம் எழுதணும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா திறந்து டிஸ்க்பார்ட்னு அடிங்க (எல்லாமே இங்லீஷ்ல தான் அடிக்கணும், நான் உச்சரிப்பை எழுதுறேன்), லிஸ்ட் டிஸ்க் போட்டா இருக்கிற டிஸ்க் எல்லாம் சைஸோட வரும், சைஸை வச்சு எது பழைய டிஸ்க்னு பாத்து செலக்ட் டிஸ்க் 1 இல்லன்னா 2, அப்புறம் மறுபடி லிஸ்ட் டிஸ்க் போட்டு ஸ்டார் குறி சரியான வரில இருக்கான்னு பாத்துட்டு, கிளீன் ஆல். வெறும் கிளீன்னு போட்டா பார்ட்டிஷன் விவரம் மட்டும் அழியும், ஆல் சேத்தா தான் முழுசா எழுதும். பர்சென்ட் எல்லாம் காட்டாது, கர்சர் சும்மா மின்னிட்டு இருக்கும், 160 ஜிபிக்கு ஒரு மணி நேரம் பக்கம் ஆச்சு எனக்கு, தொங்கிடுச்சுன்னு நினைச்சு ஆஃப் பண்ணிடாதீங்க. அழிஞ்சது திரும்ப வராது, அதுக்குத்தான் டேட்டாவை முதல்லயே எடுக்கச் சொன்னேன்.

நடுவுல ஒரு வார்த்தை, லோ லெவல் ஃபார்மட்னு டூல் கிடைக்கும், கடையிலயும் பந்தாவா அப்படித்தான் சொல்வாங்க. அது பண்றதும் இதே பூஜ்யம் எழுதுறது தான். நிஜமான லோ லெவல் ஃபார்மட் 1980-கள்ல எம்எஃப்எம் டிஸ்க் காலத்துல நம்மளே பண்ணது, அப்ப எல்லாம் கெட்டுப்போன இடத்தோட லிஸ்ட்டை டிஸ்க் மேல லேபிளாவே ஒட்டி விப்பாங்க, அதைப் பாத்து நம்ம தான் டைப் பண்ணணும். ஐடிஇ வந்ததுக்கு அப்புறம் அது ஃபேக்டரி வேலை ஆயிடுச்சு.

பூஜ்யம் எழுதி முடிச்சதும் ஸ்மார்ட்டைத் திரும்பப் பாருங்க, இது தான் தீர்ப்பு நாள். சித்தப்பா டிஸ்க்ல பெண்டிங் 24-ல இருந்து 0 ஆச்சு, ரீஅலொகேட்டட் 0-ல இருந்து 8. அதாவது 16 செக்டார் நிஜமா கெட்டுப் போகவே இல்ல, எழுதும்போது கரண்ட்டோ வேற எதுவோ தடுமாறி டேட்டா குழம்பினது தான், எட்டு தான் நிஜமாவே போயிருக்கு.

அதோட விடாம லினக்ஸ்ல பேட்பிளாக்ஸ்னு ஒரு டெஸ்ட் டூலை ஓட்டினேன். மைனஸ் எஸ், மைனஸ் வி போட்டா படிச்சு மட்டும் பாக்கும், எவ்வளவு முடிஞ்சுதுன்னு பர்சென்ட்டும் காட்டும். மைனஸ் டபிள்யூ போட்டா நாலு விதமா எழுதி நாலு தடவை திருப்பிப் படிக்கும், மொத்தம் எட்டு ரவுண்டு, டிஸ்க்ல இருக்கிறது எல்லாம் அழியும், 160 ஜிபிக்கே ராத்திரி போட்டா காலைல தான் முடியும். மைனஸ் பி 4096 சேத்துக்கோங்க, அப்ப வர்ற பிளாக் நம்பரை 4096-ஆல பெருக்கினா பைட்ல இடம் வந்துடும். பூஜ்யம் எழுதுறதுக்கு முன்னாடியே ஒரு தடவை படிக்க மட்டும் ஓட்டிப் பாத்தேன், எர்ரர் எல்லாம் 36 லட்சத்து 60 ஆயிரம் பக்கத்துல கொத்தா வந்துச்சு, பெருக்கினா சுமார் 15 ஜிபி. சித்தப்பாவோட சி டிரைவ் 40 ஜிபி, அதுல 37 பர்சென்ட் எவ்வளவு? அதே 15 பக்கம் தான். ஃபார்மட் நின்ன இடமும் செக்டார் கெட்ட இடமும் ஒண்ணுன்னு தெரிஞ்சப்ப ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, சித்தப்பா கிட்ட சொன்னேன், "சரி, பில்லு எப்ப அடிக்கலாம்"ங்கிறார்.

இப்படிக் கொத்தா ஒரே இடத்துல இருந்தா அதைச் சுத்தி கொஞ்சம் தாராளமா விட்டுட்டு பார்ட்டிஷன் போடலாம், 13-ல இருந்து 17 ஜிபி வரைக்கும் அன்அலொகேட்டடா விட்டுடலாம். பாட்டு, படம் போட்டு வைக்கிற டிஸ்க்னா ஓகே. கணக்கு வைக்கிற டிஸ்க்குக்கு நான் சொல்ல மாட்டேன். எர்ரர் அங்கங்க சிதறி இருந்தா அதுக்கும் வழி இல்ல.

ஃபார்மட் ஆகாததுக்கு பேட் செக்டார் தான் காரணம்னும் இல்ல. பெரிய டிஸ்க்கைப் பழைய மெஷின்ல மாட்டும்போது வர்ற கூத்து தனி. 250 ஜிபி டிஸ்க் 127 ஜிபின்னு காட்டினா 28 பிட் அட்ரஸ் பிரச்சனை (பழைய முறைல அதுக்கு மேல இருக்கிற செக்டாரை எண்ண முடியாது), எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1-ஆவது இருக்கணும், பயாஸும் 48 பிட்டுக்கு ஒத்துக்கணும். 32 ஜிபி பக்கம் மட்டும் காட்டினா டிஸ்க்ல ஜம்பர் எங்க இருக்குன்னு பாருங்க, ரொம்பப் பழைய பயாஸுக்காக அளவைக் குறைச்சுக் காட்டுற ஜம்பர் சில ஐடிஇ டிஸ்க்ல உண்டு. புது சாட்டா டிஸ்க்கை வியா சிப்செட் இருக்கிற பழைய போர்டு கண்டுக்கவே இல்லைன்னா வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்குக் குறைக்கிற ஜம்பர் போட்டுப் பாருங்க. எக்ஸ்பி ஜிபிடி புரொடெக்டிவ் பார்ட்டிஷன்னு காட்டி ஃபார்மட் பண்ணவே விடலைன்னா வேற கம்ப்யூட்டர்ல கிளீன் போட்டு, ஜிபிடிங்கிற புது பார்ட்டிஷன் முறைல இருந்து பழைய எம்பிஆர் முறைக்கு மாத்திக் கொண்டுவாங்க, 2 டிபிக்கு மேல மட்டும் எம்பிஆர் போகாது. எக்ஸ்பி போடும்போதோ போட்டதுக்கு அப்புறமோ 7பி-ன்னு நீல ஸ்கிரீன் வந்தா பயாஸ்ல சாட்டா மோட் ஏஹெச்சிஐல இருக்கான்னு பாருங்க, ஐடிஇக்கு மாத்துங்க. சிமாஸ் பேட்டரி தீர்ந்து பயாஸ் செட்டிங் தானா மாறினாலும் இதே ஸ்கிரீன் வரும், 2032 நம்பர் பட்டன் பேட்டரி, வாட்ச் கடையிலயே கிடைக்கும்.

கடைசில சித்தப்பா டிஸ்க் என்ன ஆச்சு? கேபிளை மாத்தி, எக்ஸ்பி போட்டு, ஒரு வாரம் ஓட விட்டு தினமும் 5-ஐப் பாத்தேன். முதல் மூணு நாள் 8-லயே நின்னுச்சு. நாலாவது நாள் 11, ஏழாவது நாள் 30-ஐத் தாண்டிருச்சு. எட்டுலயே மாசக்கணக்கா நின்னிருந்தா விட்டிருப்பேன், நம்பர் எவ்வளவுங்கிறதை விட ஏறிட்டே இருக்கான்னு தான் பாக்கணும், ஏறுற டிஸ்க்கோட யாரும் மல்லுக்கட்ட முடியாது. 120 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கிப் போட்டேன். எக்ஸ்பியே பார்ட்டிஷன் போட்டா 63-வது செக்டார்ல இருந்து ஆரம்பிக்கும், எஸ்எஸ்டிக்கும் 4கே செக்டார் (512-க்கு பதிலா 4096 பைட்) டிஸ்க்குக்கும் அது ஒத்துவராது, அதனால விண்டோஸ் 7 மெஷின்ல முதல்ல பார்ட்டிஷன் போட்டுட்டு அதுக்கு மேல எக்ஸ்பியை இறக்கினேன். எக்ஸ்பிக்கு டிரிம் (அழிச்ச இடம் எதுன்னு எஸ்எஸ்டிக்குச் சொல்ற கமாண்ட்) தெரியாதுங்கிறதால கடைசில ஒரு 20 ஜிபி சும்மா விட்டு வச்சேன், நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிட்டேன்.

பழைய டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடப் போனாரு, நான் தான் நிறுத்தினேன். கிளீன் ஆல் போட்டாலும் ஸ்பேருக்கு மாத்தின செக்டார்ல பழைய டேட்டா அப்படியே உக்காந்திருக்கும், சாதாரணமா எழுதுற எதுவும் அங்க போய்ச் சேராது. ட்ரில்லிங் மெஷின்ல மூணு ஓட்டை போட்டுக் குடுத்தேன். டெஸ்க்டாப் டிஸ்க்னா உள்ள இருக்கிற தட்டு பெரும்பாலும் அலுமினியம், ஓட்டை சுலபமா விழும். லேப்டாப் டிஸ்க்ல தட்டு பெரும்பாலும் கண்ணாடியா இருக்கும், ட்ரில் பட்டதும் பொடிப்பொடியா சிதறும், அதனால அதுல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி மறக்காம கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க.